வெயிலில் காட்டிய பிலிம்

என் பழைய கேமராவுக்கு பிலிம் ரோல் கேட்டதற்கு, பெரம்பலூரில் மூன்று கடைகளில் சிரித்தே அனுப்பிவிட்டார்கள். அரியலூர் ஸ்டேஷன் ரோட்டில் இந்த ஸ்டுடியோக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. "அதெல்லாம் நிறுத்தியாச்சு சார்" என்கிறார். பிலிம் கழுவிய இருட்டறையில் இப்போது ஜெராக்ஸ் மெஷின் நிற்கிறது.

வரதராஜன்பேட்டையிலிருந்து பஸ் பிடித்து வந்த ஒரு பெண், மேஜையில் கேரி பேக்கைக் கவிழ்க்கிறாள். சுருள் சுருளாக பிலிம்.

"செத்துப்போன எங்கம்மாவ எடுத்ததுங்க. வேற படமே இல்ல. கேமராவுக்குள்ளயே கெடந்துச்சு. மொகம் தெரியுதான்னு நான்தான் வெளிய இழுத்து வெயில்ல காட்டிப் பாத்தேன். ஒண்ணும் தெரியல. கழுவுனா வருங்களா?"

கழுவாத பிலிமில் வெயில் பட்டால் அவ்வளவுதான். கடைக்காரருக்கும் அது தெரியும். ஆனாலும், "வச்சிட்டுப் போம்மா, பாக்குறேன்" என்கிறார்.

அவள் படியிறங்கியதும் எனக்குப் பொறுக்கவில்லை. "ஏங்க அந்தப் பொண்ண வீணா அலைய விடறீங்க?"

"அடுத்த வாரம் வந்தா, கழுவுறப்ப நான் கெடுத்துட்டேன்னு சொல்லிடுவேன். என்னைத் திட்டிட்டுப் போவட்டும். அம்மா மொகத்தத் தன் கையாலயே அழிச்சிட்டோம்னு அதுக்குத் தெரிய வேணாம்" என்கிறார். சுருளை அள்ளி டிராயருக்குள் போடுகிறார்.

"இந்தக் கடைக்கு இனிமே கெட்டுப்போறதுக்கு என்ன சார் பேரு இருக்கு?"