மாடிப்படிக்கு மேலே ஓடும் கேபிள்

2024 ஜூலை 9, செவ்வாய். ஆறு மணிக்கு நடை, எட்டு மணிக்கு இட்லி, ஒன்பதே காலுக்குப் பீளமேட்டு அலுவலகம். நூல் விற்கும் நிறுவனம் எங்களுடையது. முதல் மாடியில் இருக்கிறோம். இறங்க ஒரே படிக்கட்டுதான். கணினிகளுக்குப் புதிதாக நெட்வொர்க் வயரிங் செய்ய வேண்டியிருந்தது. கேபிளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னுடையது.

வயரிங் ஒப்பந்தக்காரர் மேசைமேல் இரண்டு துண்டுகளை வைத்தார். இரண்டும் நீலம், ஒரே தடிமன்.

“ரெண்டும் நல்ல செம்புதானுங்க. வேகமும் ஒண்ணுதானுங்க. இது சாதா பி.வி.சி. அது, தீப்பிடிச்சா புகை கம்மியா வர்ற உறைங்க. விலைதான் இதைவிட எச்சுங்க.”

“தீப்பிடிக்கறதுக்கா கேபிள் போடறோம்?” என்று சிரித்தார் எங்கள் கணக்கர் அம்மா. வலது முழங்கால் மடங்காதவர். கைப்பிடியைப் பற்றி ஒவ்வொரு படியாகத்தான் இறங்குவார். அதற்குள் நாங்கள் கீழே டீயே குடித்து முடித்துவிடுவோம்.

நூல் தொழிலில் சந்தேகம் வந்தால் கொளுத்திப் பார்ப்பது வழக்கம். பருத்தி சாம்பலாகும், பாலியெஸ்டர் உருகி மணியாகும். அந்தப் பழக்கத்தில் ஸ்பிரிட் விளக்கை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனேன். காற்று பலமாக இருந்தது. தண்ணீர்த் தொட்டி மறைவில் நின்றோம். வேடிக்கை பார்க்க கணக்கர் அம்மாவும் மெல்ல ஏறி வந்தார்.

முதலில் பி.வி.சி.யை இடுக்கியில் பிடித்துச் சுடரில் காட்டினேன். விரல் நீளத் துண்டு. அதற்குள் அவ்வளவு கறுப்பு எப்படி இருந்ததோ! மேலே கவிழ்த்துப் பிடித்த வெள்ளைத் தட்டு கரியாகிவிட்டது. திறந்த வெளியிலேயே எல்லோரும் இருமினோம். அடுத்ததும் எரியத்தான் செய்தது. ஆனால் அதன் புகை வெளுத்து, மெலிந்து எழுந்தது. அதனூடே தொட்டியின் சிமெண்டுப் பூச்சு தெளிவாகத் தெரிந்தது.

கணக்கர் அம்மா கரித்தட்டைக் கையில் வாங்கிப் பார்த்தார். இப்போது சிரிக்கவில்லை.

“ஏனுங்ண்ணா, எனக்குப் படி தெரியோணுமுங்க.”

புகைக்குள் படியைத் தேடப்போகும் ஒருவரை, முகம்கூட அறியாமல், எங்கோ யாரோ நினைத்துப் பார்த்திருக்கிறார்கள். அந்த நினைப்பை இந்த உறையில் கலந்திருக்கிறார்கள். எனக்கு மலைப்பாக இருந்தது.

“இதையே போட்டுருங்க” என்றேன் ஒப்பந்தக்காரரிடம்.

கணக்கர் அம்மா விடவில்லை. “அப்ப ஏற்கெனவே படிக்கு மேல சீலிங்குக்குள்ள கெடக்கற பழைய கேபிளு?”

கீழே வந்து, படிக்கட்டுக்கு மேலிருந்த ஃபால்ஸ் சீலிங் பலகையை ஒப்பந்தக்காரர் நகர்த்தினார். எங்களுக்கு முன்பு இருந்தவர்கள் விட்டுப்போன கேபிள்கள், தொடை தடிமனுக்கு ஒரே கட்டாகக் கிடந்தன.

“எல்லாம் செத்த லைனுங்க. பழசை யாரும் உருவ மாட்டாங்க. அதுக்கு மேலயே புதுசப் போட்டுப்போட்டுப் போயிருவாங்க.”

ஒரு துண்டை வெட்டி மேலே கொண்டுபோய்க் கொளுத்தினோம். அதே கறுப்பு. இத்தனை வருடம் அதன் அடியில்தான் தினமும் ஏறி இறங்கியிருக்கிறோம்.

மறுநாள் காலை புதுப் பெட்டியைப் பிரிக்கவில்லை. முதல் வேலையாகப் படிக்கட்டில் ஏணி போட்டு, அந்தப் பழைய கட்டை உருவி இறக்கினோம். ஏணியைப் பிடித்துக்கொண்டவர் கணக்கர் அம்மா.