மூன்று அங்கிகளுக்குள் ஒரு வெளிநாட்டவர்

இஸ்தராவ்ஷன் நகரத்து நுஸ்ரத்துல்லோ, பள்ளியில் பூகோளம் கற்பித்துவிட்டு, நாற்பத்தோராம் வயதில் நகர அருங்காட்சியகத்தின் வழிகாட்டியானவர். பதினோர் ஆண்டுகள் அப்பதவியில் இருந்தார். மனைவி ஒருத்தி, மகள்கள் மூவர், இடது முழங்காலில் வாதம். பன்னிரண்டாம் ஆண்டில் மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது: செப்டம்பர் முடிவதற்குள் ஒரு வெளிநாட்டவரேனும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடாவிட்டால் வழிகாட்டிப் பதவி நீக்கப்படும்.

செப்டம்பர் முப்பதாம் நாள் காலை ஆறரை மணிக்கு ஃபின்லாந்துக்காரர் ஒருவர் வாடகைக் காரிலிருந்து இறங்கினார். பெயர் தபானி. நான்கு மணிக்கு அதே கார் அவரைத் திரும்ப ஏற்றிக்கொள்ளும். நுஸ்ரத்துல்லோ அவர் கையைப் பிடித்த பிடியை விடவில்லை. அருங்காட்சியகம் இருநூறு அடி தூரம்தான். ஆனால் நடுவே ஹகீமின் வீடு இருந்தது. அன்று அவர் மகனுக்குத் திருமணம். விடியற்காலைப் புலாவுக்குத் தெருவே அங்கு கூடியிருந்தது.

"என்ன நுஸ்ரத்து, விருந்தாளிய சுவரோரமா ஒளிச்சுக் கூட்டிட்டுப் போற?" என்றார் ஹகீம்.

"வேலை இருக்கு அண்ணே. ஒரு கையெழுத்துதான்."

"கையெழுத்து ஓடியா போயிடும்? ரொட்டியப் பிட்டு வாயில போடச் சொல்லு, அப்புறம் போங்க."

விருந்துக்கு விரித்த விரிப்பைத் தாண்டிச் செல்லும் துணிவு அந்த ஊரில் எவருக்கும் கிடையாது, நுஸ்ரத்துல்லோவுக்கும் இல்லை. பிட்ட ரொட்டி புலாவாயிற்று. புலாவுக்குப்பின் தேநீர் வந்தது. பிறகு ஹகீம் எழுந்து, பஞ்சு வைத்துத் தைத்த கோடிட்ட அங்கியை விருந்தாளிக்கு அணிவித்து, இடுப்பில் கச்சை கட்டினார். மணமகளின் தந்தை சோபிர் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பாரா? அவர் அதன்மேல் இரண்டாவது அங்கியைப் போர்த்திக் கச்சை கட்டினார். மாப்பிள்ளையின் தாய்மாமனுக்கும் மானம் இருந்தது, மூன்றாவதும் ஏறியது. தலைக்கு நால்மூலைத் தொப்பி வேறு. தபானி வியர்த்து விறுவிறுத்து, அன்று கற்ற ஒரே சொல்லான "ரஹ்மத்" என்ற நன்றியைச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

மூன்றரை மணிக்கு அருங்காட்சியகத்தை அடைந்தனர். அங்கி கொடுத்த மூவரும் வழியனுப்பப் பின்தொடர்ந்தனர். வாசலறையில் பதிவேட்டுடன் மொஹ்போனு அமர்ந்திருந்தாள். அவள் தலைமைக் காவலாளி. தவறான பதிவு ஒன்றைக்கூட வாழ்நாளில் எழுதியறியாதவள்.

"எங்க அண்ணே வெளிநாட்டுக்காரரு?"

"இவருதான்."

"இவரா? மலைப்பக்கத்து ஆளுங்க எல்லாரும் இப்படித்தான் வெளுப்பா, நீலக்கண்ணோட இருப்பாங்க. கல்யாண வீட்டுல இருந்து ஒருத்தரப் புடிச்சிட்டு வந்து என் தலையில கட்டப் பாக்குறீங்க."

"ரஹ்மத்," என்றார் தபானி.

"பாத்தீங்களா," என்றாள் மொஹ்போனு.

கடவுச்சீட்டு சட்டைப்பையில் இருந்தது. சட்டை, மூன்று அங்கிகளுக்கும் மூன்று கச்சைகளுக்கும் உள்ளே இருந்தது. கொடுத்தவர் கண்ணெதிரில் அங்கியைக் கழற்றுவது அவர் முகத்தில் துப்புவதற்குச் சமம். கொடுத்தவர்களோ கதவை அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

மொஹ்போனு சற்று யோசித்து, தன் மதிய ரொட்டியை மேசைமேல் குப்புறக் கவிழ்த்து வைத்தாள். ரொட்டியைக் குப்புற வைப்பது அந்த ஊரில் பெரும்பாவம். "நம்ம ஊரு ஆளுன்னா இதப் பாத்துக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டாரு," என்றாள்.

நுஸ்ரத்துல்லோவின் வலக்கை தானாகவே ரொட்டியை நோக்கி நகர்ந்தது. இடக்கையால் அதைப் பிடித்து நிறுத்தினார். சோபிர் கண்களை மூடிக்கொண்டார். ஹகீம், "நெஞ்சு அடைக்குது, சீக்கிரம்," என முனகினார். தபானி குனிந்து பார்த்தார். காலையிலிருந்து எட்டுப் பேர் அவருக்கு ரொட்டிக்குரிய மரியாதையைக் கற்பித்திருந்தனர், நல்ல மாணவர். ரொட்டியை மெல்ல எடுத்து நிமிர்த்தி வைத்தார்.

"நம்ம ஆளு," என்று பதிவேட்டை மூடினாள் மொஹ்போனு.

மணி மூன்று ஐம்பது. தெருமுனையில் கார் ஒலியெழுப்பியது. பதினோர் ஆண்டுகளில் யாருக்கும் கட்டளையிடாத நுஸ்ரத்துல்லோ குரலை உயர்த்தினார்: "மூணு பேரும் சுவரப் பாத்துத் திரும்புங்க. கண்ணுல படாதது அவமானம் இல்ல."

"என்னய்யா சட்டம் இது?" என்றார் தாய்மாமன்.

"திரும்புங்க மாமா, என் பொழப்பு போகுது."

மூவரும் திரும்பினர். கச்சைகள் அவிழ்ந்தன, அங்கிகள் விழுந்தன, கடவுச்சீட்டு வெளிவந்தது. மொஹ்போனு எண்ணை இருமுறை சரிபார்த்து எழுதினாள். தபானி கையெழுத்திட்டு, அங்கிகளை அள்ளி மாட்டிக்கொண்டு, ஒரு காட்சிப்பொருளையும் பார்க்காமல் காருக்கு ஓடினார்.

பெரியவர்கள் மூவரும் அசையாமல் சுவரைப் பார்த்தபடியே நின்றார்கள். திரும்பலாம் என்று எவரும் சொல்லவில்லை. மூக்கிற்கு நேரே கண்ணாடிப் பேழையொன்று இருந்தது.

"நுஸ்ரத்து," என்றார் ஹகீம், தலையைத் திருப்பாமலேயே. "இந்தச் சட்டி யாரோடது?"

"சட்டி இல்ல அண்ணே, போர்வீரன் தலைக்கவசம்," என்று நுஸ்ரத்துல்லோ சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, அவர்கள் முதுகுகளுக்குப் பின்னால் நின்று, முதல் பேழையிலிருந்து சொல்லத் தொடங்கினார்.