ஓங்கலுக்காக அடக்கிய மூச்சு

என்னுடன் சிலிண்டர் கட்டி முக்குளிக்கப் பயிற்சி எடுத்த நண்பர் ஒருவர் மெக்சிகோ பக்கமிருந்து படங்கள் அனுப்பியிருந்தார். ஒரு கடல்சிங்கக் குட்டி அவருடைய துடுப்புக் காலணியைக் கவ்வி இழுக்கிறது. இன்னொன்று தலைகீழாக நின்று கேமராவை முகர்ந்து பார்க்கிறது. கீழே ஒரு வரி எழுதியிருந்தார்: "உங்க ஊர்க் கடல்ல மீனைத் தவிர வேற என்ன இருக்கு?"

நம் கடலில் கடல்சிங்கம் கிடையாது. ஓங்கல் உண்டு. டால்பினை எங்கள் கன்னியாகுமரி மாவட்டக் கரையில் அப்படித்தான் சொல்வார்கள். முட்டத்துக்கு மேற்கே, கரையிலிருந்து பார்த்தாலே தெரியும் பாறைக்கூட்டத்தைச் சுற்றி தை, மாசி மாதங்களில் அவை வரும். இருபது வருடமாக நாகர்கோவிலில் பத்திரிகைப் புகைப்படக்காரனாக இருக்கிறேன். ஓங்கல் துள்ளும் படம் என்னிடமே நிறைய இருக்கிறது. தண்ணீருக்குள் அவை விளையாடும் படம், நம் கடலில் எடுத்தது, ஒன்றைக்கூட நான் அச்சில் பார்த்ததில்லை. ஞாயிறு மலர் ஆசிரியரிடம் சொன்னேன். அவர் ஒரு முழுப் பக்கத்தை ஒதுக்கினார். வியாழன் மாலைக்குள் படம் வர வேண்டும், வராவிட்டால் நான் ஏற்கெனவே கொடுத்திருந்த தேர்த் திருவிழாப் படங்கள் அந்தப் பக்கத்தில் போகும். செவ்வாய், புதன், வியாழன். எனக்கிருந்தது மூன்று காலைகள்.

கடலரிப்புச் செய்திக்காகப் போன காலத்தில் பழக்கமான ஒரு சிப்பிக்காரரின் வள்ளத்தில் ஏறினேன். பாறையில் ஒட்டியிருக்கும் சிப்பியை முக்குளித்து, கம்பியால் பெயர்த்து எடுப்பது அவர் தொழில். வள்ளத்தில் அவருடைய மைத்துனர் காவலுக்கு இருப்பார். மைத்துனருக்கு என் வயதுதான் இருக்கும், நாற்பத்தைந்துக்குப் பக்கம்.

காவலிருப்பவருக்கு அங்கே ஒரு முறை உண்டு. சிப்பிக்காரர் ஒரே மூச்சில் இறங்குவார். தலை தண்ணீருக்குள் மறைந்ததும் மைத்துனர் உதட்டுக்குள் செபம் சொல்லத் தொடங்குவார். கத்தோலிக்கர் மனப்பாடமாகச் சொல்லும் செபங்கள்தான்: ஒரு பரலோக மந்திரம், இரண்டு அருள் நிறை மந்திரம். அது முடிந்ததும் வள்ளத்தின் பக்கவாட்டில் கல்லால் ஒரு தட்டு. தண்ணீருக்குள் அந்த ஓசை காதருகே தட்டியது போலக் கேட்கும். அதன்பின் இன்னொரு அருள் நிறை சொல்லும் நேரத்துக்குள் தலை தெரியவில்லை என்றால் மைத்துனர் குதித்துவிடுவார். இந்த நேரத்தில் அவர் பேச மாட்டார், அலைபேசியைப் பார்க்க மாட்டார். கடிகாரம் எதற்கும் பயன்பட்டதாக எனக்குத் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை நான் சிலிண்டரை முதுகில் கட்டியபோது அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இதுல எவ்வளவு நேரம் கெடப்பிய சாரே?"

"அரை மணி, முக்கால் மணி."

"மாதாவே! அப்ப முழுச் செபமாலையும் சொல்லி, பின்னயும் ஒண்ணு தொடங்கணுமே."

"செபமெல்லாம் வேண்டாம். நான் விடுற மூச்சு குமிழியா மேல வரும். குமிழி வருதான்னு மட்டும் பாருங்க. வந்தா ஒண்ணுமில்லன்னு அர்த்தம்."

"வயக்காட்டு வெள்ளத்துல தவளை புடிச்ச ஆளு, எனக்குக் கடல் படிப்பிக்கிறாரு," என்று அவர் தன் அத்தானிடம் சொன்னார். சிப்பிக்காரர் சிரித்துக்கொண்டே குதித்தார். என் குடும்பம் நெல் விவசாயம் செய்த குடும்பம் என்பது அவர்களுக்குத் தெரியும். அன்றைக்கு அது நாலைந்து முறை பேச்சில் வந்தது.

முதல் நாள் நான் கண்டது வால்களை மட்டும். ஆறு ஓங்கல்கள் பாறையின் தென்பக்கம் சுற்றின. நான் ஒவ்வொரு முறை மூச்சு விடும்போதும் குமிழிகள் கரகரவென்று எழும், அவை உடனே திரும்பிவிடும். முப்பது அடிக்கு அப்பால் சாம்பல் நிற நிழல்கள். படத்தில் அவற்றைச் சுறா என்று சொன்னாலும் யாரும் மறுக்க மாட்டார்கள்.

புதன்கிழமை நாலு பாக ஆழத்தில், ஏறக்குறைய ஏழு மீட்டர், பாறையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தேன். ஒரு ஓங்கல் பாசிக் கொத்து ஒன்றை முன்துடுப்பில் மாட்டிக்கொண்டு வந்தது. நீந்தியபடியே அதை நழுவவிட்டு வாலில் பிடித்தது. பின்னால் வந்தது அதைத் தட்டிப் பறித்தது. பள்ளிக்கூடத்தில் தொப்பியைப் பறித்துக்கொண்டு ஓடும் விளையாட்டு, அப்படியே. நான் மூச்சு விட்டேன். விலகின. காத்திருந்தேன். மறுபடி நெருங்கின. எனக்கு வேண்டியது ஒரு அரை நிமிட அமைதி. மூச்சை அடக்கினேன்.

சிலிண்டர் கட்டியவனுக்குச் சொல்லித் தரும் முதல் விதியே மூச்சை அடக்காதே என்பதுதான். அழுத்தத்தில் இழுத்த காற்றை நெஞ்சில் வைத்துக்கொண்டு மேலே ஏறினால் நுரையீரல் கிழியும். நான் ஏறப்போவதில்லை, பாறையைப் பிடித்திருக்கிறேன் என்று கணக்குப் போட்டேன். ஓங்கல் பாசியோடு என்னை நோக்கி வந்தது. இருபது அடி. பதினைந்து. கேமராவை உயர்த்தினேன்.

அப்போது யாரோ என் சிலிண்டரின் கழுத்தைப் பிடித்து மேலே இழுத்தார்கள்.

பாறை கையிலிருந்து நழுவியது. பயிற்சி என்பது யோசிக்காமல் வர வேண்டியது, அன்று வந்தது. வாயிலிருந்த குழாய்க்குள்ளேயே "ஆ" என்று கத்தினேன். மேலே போய்ச் சேரும்வரை கத்தினேன். நெஞ்சிலிருந்த காற்று முழுவதும் குமிழியாகக் கொட்டியது. தலை வெளியே வந்தபோது மைத்துனரின் முகம் என் முகத்துக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது.

"உயிரு உண்டா? எலே, உயிரு உண்டா?" அதுவரை அவர் என்னை எலே என்று அழைத்ததில்லை.

வள்ளத்தில் ஏறியதும் நான் நிதானமாகப் பேசவில்லை. பதினைந்து அடியில் படம் இருந்தது, இன்னும் பத்து நொடி பொறுத்திருந்தால் முடிந்திருக்கும், இப்படி இழுத்தால் நுரையீரல் கிழியும் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டார்.

"குமிழியப் பாருன்னு சொன்னது ஆரு?"

"நான்தான்."

"பாத்தேன். குமிழி நின்னாச்சு. ஒரு அருள் நிறை சொன்னேன். வரல்ல. குதிச்சேன்."

"இன்னொண்ணு சொல்லிப் பார்த்திருக்கலாமே."

அவர் துண்டைப் பிழிந்தார். இன்ஜினுக்குப் பக்கத்தில் சிப்பியைக் கொட்டிக்கொண்டிருந்த அத்தான்தான் சொன்னார்: "அவன் கூடப்பெறந்தவனுக்கு இன்னொண்ணு சொல்லிப் பாத்தான் சாரே. இதே பாறைதான். இவன் குதிச்சு எடுத்தப்ப உயிரு இல்ல, வலைக்கயிறு கால்ல சுத்திக் கெடந்தது."

தவறு எங்கே என்று எனக்குத் தெளிவாக இருந்தது. குமிழிதான் அடையாளம் என்று சொல்லிக் கொடுத்தவன் நான். அந்த அடையாளத்தைச் சொல்லாமல் நிறுத்தியவனும் நான். அவர் தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தார்.

வியாழன் காலை சிலிண்டரைக் காரிலேயே விட்டுவிட்டேன். முகக்கண்ணாடி, துடுப்புக் காலணி, மூழ்குவதற்கு இடுப்பில் கட்டும் ஈயப் பட்டை, கேமரா, இவ்வளவுதான். வள்ளத்தில் கால் வைத்ததும் மைத்துனர் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"கேஸ் சிலிண்டரு எங்க?"

"இன்னைக்கு உங்க முறையில இறங்குறேன். தட்டினா வந்துடுவேன்."

"எவ்வளவு தாங்குவிய?"

"நாற்பது நொடி."

அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப ஒரு பரலோகம், ஒரு அருள் நிறை. அத்தானுக்கு உள்ளதுல ஒண்ணு கொறச்சு. சம்மதமா?"

"சம்மதம்."

குமிழி இல்லாத மனிதன் ஓங்கலுக்கு வேறு பிராணி போலும். இரண்டாவது முறை இறங்கியபோதே அவை பத்தடிக்கு வந்தன. தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் பார்த்தன. மூன்றாவது முறை பாசி வந்தது. ஒன்று அதை என் முகத்துக்கு நேரே நழுவவிட்டு ஒதுங்கி நின்றது. கேமராவைத் திருப்புவதற்குள் மேலே "டக்" என்று கல் தட்டியது. முந்தின நாள் என்றால் இருந்திருப்பேன். மேலே வந்தேன். வள்ளத்தின் விளிம்பைப் பிடித்து முகக்கண்ணாடியைத் துடைத்தேன். மைத்துனரின் உதடு இன்னும் அசைந்துகொண்டிருந்தது. எனக்காக நன்றி சொல்கிறார் என்று நினைத்தேன்.

விளையாட்டுக்கும் வேட்டைக்கும் உள்ள வித்தியாசத்தை அன்றுதான் கவனித்தேன். வேட்டை ஒருமுறை நடந்தால் முடிந்தது. விளையாட்டு மறுபடி தொடங்கும். நான்காவது முறை இறங்கியபோது அதே ஓங்கல், முதுகுத்துடுப்பின் ஓரம் கிழிந்த ஒன்று, அதே பாசியோடு காத்திருந்தது. நழுவவிட்டது. இந்த முறை கேமரா தயாராக இருந்தது. பாசி நடுவில், அதன் பின்னால் ஓங்கலின் கண், அதற்கும் மேலே வெளிச்சத்தில் வள்ளத்தின் அடிப்பக்கம். ஏழு முறை அழுத்தினேன். "டக்." மேலே வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை முழுப் பக்கத்தில் படம் வந்தது. வள்ளத்தை வெட்டிவிடலாம் என்று வடிவமைப்பாளர் சொன்னார். வேண்டாம் என்றேன். நண்பருக்கு மெக்சிகோவுக்கு அனுப்பினேன், வரி எதுவும் எழுதவில்லை.

பக்கத்தை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். போகுமுன் கேமராவில் ஒவ்வொரு படத்திலும் பதிந்திருந்த நேரத்தைப் பார்த்திருந்தேன். தலை மூழ்கும்போது ஒன்று, வெளியே வந்ததும் ஒன்று அழுத்துவது என் பழக்கம். நாற்பது நொடி இருந்ததாக நினைத்திருந்தேன். எல்லா முறையும் இருபத்தைந்து நொடிக்குள்தான் இருந்தேன்.

மைத்துனர் படத்தை நீட்டிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "இது நம்ம வள்ளம்லா!"

"ஒரு பரலோகம், ஒரு அருள் நிறைன்னுதானே பேச்சு? கேமரா வேற கணக்குச் சொல்லுதே."

அவர் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பரலோகம் முடிஞ்ச உடனே தட்டினேன்," என்றார். "அருள் நிறைய நீங்க மேல வந்த பெறவு சொன்னேன்."