மைசூர்பாவும் மூணு மாச மெம்பர்ஷிப்பும்

எங்க வூட்டுக்காரரு அருணகிரி திருப்போரூர் பக்கம் மனை விக்கிறவரு. பொய்யே பேச மாட்டாரு. கிலோமீட்டர மட்டும் கொஞ்சம் கொறச்சி சொல்வாரு. நோட்டீசுல 'ஓ.எம்.ஆர். ரோட்டுக்கு பத்தே நிமிஷம்'னு போட்டுக்கும். எந்த ஊரு நிமிஷம்னு போட்டுக்காது. ஞாயித்துக்கெழமயானா மனை வாங்கற பார்ட்டிங்கள கம்பெனி வேன்ல ஏத்திகினு வருவாரு. தார் ரோடு முடிஞ்சி, ஏரிக்கர மேல வேன் குலுங்க ஆரம்பிக்கும் பாரு, கரெக்டா அங்க ஆளுக்கு ரெண்டு மைசூர்பா குடுப்பாரு. வாயில மைசூர்பா இருக்கசொல்ல 'இன்னும் எவ்ளோ தூரம்'னு எவன் கேப்பான்?

மூணு வருஷம் முன்ன கமிஷனுக்கு பதிலா கம்பெனிக்காரன் ஒரு மனைய இவரு தலையிலயே கட்டிட்டான். கந்தன் கார்டன், ஃபேஸ் டூ. ஃபேஸ் ஒன்னு எங்க கீதுன்னு இன்னிக்கி வரைக்கும் எவனுக்கும் தெரியாது. அதுல வூடு கட்டிகினு குடி வந்த ஒரே மகராசி நான்தான், துர்காதேவி. சுத்தி மஞ்ச பெயிண்டு அடிச்ச எல்லக்கல்லு. அதுங்ககிட்ட 'இன்னா கொழம்பு'ன்னா கேக்க முடியும்? எனக்கு காரு வேணாம், நக வேணாம். பக்கத்துல ஒரு வூடு வேணும், அவ்ளோதான்.

முன்னெல்லாம் மனை பாக்க வர்றவங்க பட்டா கீதா, தண்ணி நல்லாருக்குமான்னு கேப்பாங்க. இப்ப எறங்கனதும் செல்ல எடுத்து, சாப்பாட்டு ஆப்புல இங்க டெலிவரி வருதான்னு பாக்கறாங்க. வர்லன்னா திரும்ப வேன்ல ஏறிடறாங்க, மைசூர்பாவ மட்டும் முழுங்கிட்டு.

ஒரு நாளு இவரு சிரிச்சிகினே வந்தாரு. "தேவி, அந்த ஆப்புல மெம்பர்ஷிப் போட்டுட்டேன். மூணு மாசம் டெலிவரி ஃப்ரீ!"

"யோவ், நம்ம வூட்டுக்குத்தான் டெலிவரியே கெடையாதே. வராத பஸ்சுக்கு எவனாவது பாஸ் எடுப்பானா?"

"உனக்கு பிசினஸ் தெரியாது, சும்மா இரு."

ஆப்ப தொறந்து பாத்தாரு. போன வாரம் வெறும் 'சேவை இல்லை'ன்னு வந்துது. இப்ப 'அன்புள்ள அருணகிரி, மன்னிக்கவும், சேவை இல்லை'ன்னு வந்துது. காசுக்கு மரியாத கூடிச்சி, வேற இன்னா வேணும்?

மனுசன் அசரல. ஆப்புல நம்ம எடத்த மாத்தி, திருப்போரூர் கோயில் கொளத்தாண்ட சின்னராசு டீக்கடைய போட்டாரு. டெலிவரி அங்க வரும். அத்த வாங்கி சின்னராசு பைக்குல இங்க கொண்டாரணும், டெலிவரி ஆளு மாதிரி. வாடக டீசர்ட்டு வேற.

அந்த ஞாயித்துக்கெழம பிரிசில்லாவும் அவ வூட்டுக்காரரு ஜெபசிங்கும் வந்தாங்க. பிரிசில்லா கேளம்பாக்கம் பக்கம் ஆஸ்பத்திரில நர்சு. எறங்கன ஒடனே என்ன பாத்து, "அக்கா, செம்பருத்தி ஸோக்கா பூத்துகீதே, ஒரு குச்சி ஒடச்சி தரீங்களா?"ன்னா. எனக்கு அங்கயே அவள புடிச்சிப்போச்சி. எங்க வூட்டுக்கு அடுத்த மனையத்தான் கேட்டாங்க. ஆண்டவா, இது மட்டும் முடியட்டும்னு வேண்டிக்கினேன்.

இவரு செல்ல காட்டி, "மெம்பர்ஷிப் போட்டா டெலிவரி ஃப்ரீ சார், இப்பவே பாருங்க"ன்னு பிரியாணி சொன்னாரு. முக்கா மணி நேரத்துல சின்னராசு வந்துட்டாரு. டீசர்ட்டு அவரு வயித்துக்கு பத்தல, காதுல பீடி. "டெலிவரி சார்!"னு கத்தனாரு. ஜெபசிங்கு மொகம் மலர்ந்துபோச்சி. "அட்வான்ஸ் இன்னிக்கே குடுத்துடலாமா?"ன்னாரு. எங்க வூட்டுக்காரரு மொகத்த பாக்கணுமே!

தட்டு எடுக்க நான் உள்ள போனேன். பிரிசில்லாவும் பின்னாலயே வந்தா. "அக்கா, நைட் டூட்டி முடிச்சி வந்தா அடுப்பாண்ட நிக்க முடியல. இவருக்கும் சமைக்க வராது. நீங்க இங்கயே கீறீங்க, சொல்லுங்க. அந்த மெம்பர்ஷிப் போட்டா லாயக்குப்படுமா? நெசமா வருமா?"

வரும்னு ஒரு வார்த்த சொன்னா போதும், எனக்கு பக்கத்து வூடு. தட்ட கழுவனேன். கழுவனதயே திரும்ப கழுவனேன்.

"வராதும்மா"ன்னேன். "அந்தாளு டீக்கடைக்காரரு."

அவ என் கைய புடிச்சி ஒரு அமுத்து அமுத்திட்டு வெளிய போயி, ஜெபசிங்கு காதுல இன்னாமோ சொன்னா. அவங்கள ஏத்திகினு வேன் கெளம்பிடுச்சி. நான் ஒடச்சி குடுத்த செம்பருத்தி குச்சி படிக்கட்டுலயே கெடந்துது. எனக்கு அழுகையா வந்துது.

இவரு உள்ள வந்து நின்னாரு. "ஏன்டி? உனக்குத்தான பக்கத்து வூடு வேணும்னு உயிர வாங்கன?"

"மூணு வருஷம் முன்ன இந்த எடத்த காட்ட என்னையும் அதே வேன்ல கூட்டியாந்தியே, ஞாபகம் கீதா? ஏரிக்கர வந்ததும், பொண்டாட்டின்னு கூட பாக்காம எனக்கும் மைசூர்பா நீட்டன. நானும் தின்னுகினே வந்தேன். அன்னிக்கி இங்க எவளாவது ஒருத்தி இருந்து, 'வராதும்மா'ன்னு சொல்லிருந்தா?"

அவரு ஆறிப்போன பிரியாணிய ரெண்டு தட்டுல போட்டு, பெரிய கறி பீச என் தட்டுல வெச்சாரு.