ஒண்ணும் இல்லைன்னு சொல்லு

அட்டையை அழுத்தி மாத்திரையைப் பிதுக்கும் அந்தச் சின்ன ‘டப்’. பேருந்தில் பக்கத்து இருக்கையில் கேட்டாலும் போதும், மதுரையில் பூட்டிய மனநல வார்டின் கம்பிக் கதவுக்கு முன்னால் போய் நின்றுவிடுவேன். உள்ளே சின்னண்ணன். வாசலில் துப்பாக்கியோடு போலீஸ்காரர்.

கிணற்றில் விஷம் கலந்துவிட்டார் என்று நம்பி, பக்கத்துத் தோட்டக்காரரை அண்ணன் அரிவாளால் வெட்டினான். அவர் பிழைத்தார், வலது கை இன்றும் மடங்காது. அதை நான் குறைத்துச் சொல்வதில்லை. அண்ணனுக்குக் குரல்கள் கேட்டன. கோர்ட் சிகிச்சைக்கு அனுப்பியது. மாத்திரையில் குரல்கள் அடங்கின.

ஆனாலும் நாலு வருஷமாக அவன் வெளியே வரவில்லை. டாக்டர்கள் குழு விசாரிக்க வரும்போதெல்லாம், முந்தின நாளே வாடிப்பட்டியிலிருந்து பெரியண்ணன் போய்ச் சொல்லிக்கொடுப்பார்: “எனக்கு ஒண்ணும் இல்லைன்னு சொல்லுடா. பைத்தியம்னு ஒத்துக்கிட்டா எம் பிள்ளைகள எவன் கட்டுவான்?”

அண்ணன் அப்படியே ஒப்பிப்பான். நோயை ஒப்புக்கொள்ளாதவன் வெளியே போனதும் மாத்திரையை விட்டுவிடுவான் என்று டாக்டர்கள் எழுதுவார்கள். ஒரு நர்ஸம்மாதான் என்னைப் பிடித்துத் திட்டினார்: “அவர உள்ள வச்சுப் பூட்டுறது நாங்க இல்ல தாயி, நீங்க.”

அடுத்த விசாரணைக்கு நானும் போனேன். “உங்களுக்கு என்ன பிரச்சினை?” என்றார் டாக்டர். அண்ணன் பெரியண்ணன் முகத்தைப் பார்த்தான். “ஒண்ணும்...”

“அண்ணே, உள்ளதச் சொல்லு. ஒரு மாத்திரையில கரைஞ்சு போற மானம்னா போகட்டும்!”

“வாய மூடு கழுத. ஊருல தலை காட்ட முடியாது,” என்றார் பெரியண்ணன்.

“நீங்க காட்ட வேணாம். நான் காட்டிக்கிறேன்.”

அண்ணன் கை விரல்களையே பார்த்தபடி பேசினான். “கொரல் கேட்டுச்சு சார். நம்பி வெட்டிட்டேன். மாத்திரை போட்டா கேக்கல. ஆயுசுக்கும் போடுவேன்.”

வெளியே விட்டால் அவனுக்கு யார் பொறுப்பேற்பது என்று டாக்டர் கேட்டதும் பெரியண்ணன் கைப்பேசியை எடுத்துத் தடவ ஆரம்பித்தார். நான் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். அனுப்பலாம் என்று கோர்ட்டுக்கு எழுதுவதாக டாக்டர் சொன்னார்.

வெளியே வந்ததும் பெரியண்ணன் குரலைத் தாழ்த்தினார்: “விட்டாங்கன்னா, இருட்டுனப்புறம் கூட்டியா. யாரும் பாக்கக் கூடாது.”

கம்பிக்கு அந்தப் பக்கம் வெறுங்காலோடு நின்ற அண்ணனுக்கும் அது கேட்டுவிட்டது. “போயிட்டு வாரேண்ணே,” என்றேன்.

“அடுத்த வாட்டி வரும்போது எனக்கு ஒரு சோடி செருப்பு கொண்டாந்துரு தங்கச்சி. பட்டப்பகல்ல பஸ்ஸ விட்டு எறங்கி, நடந்தேதான் வருவேன்.”