நல்லம்மாள் கொடுத்த ரத்தம்

நல்லம்மாளுக்கு எதைப் பார்த்தாலும் குமட்டும் என்று ஈப்போ சாப்பாட்டுக் கடையில் அவளோடு தட்டு கழுவியவர்கள் சொல்வார்கள். பொய்யில்லை. மிஞ்சிய எச்சில் குழம்பை முதலாளி மறுபடி சட்டியில் ஊற்றினால் "த்தூ" என்பாள், அவர் காதில் விழவே சொல்வாள். வேலை போய்விடுமே என்ற பயமெல்லாம் அந்த மனுஷிக்குக் கிடையாது. ஆனால் வெள்ளைக் கோட்டு போட்டவரைக் கண்டால் மட்டும் அந்த வாய் அடைத்துப்போகும். ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவள் இல்லையா!

சிலிம் ரிவர் பக்கம் அவள் பால்மரம் சீவிய காலத்தில், டிரெசர் என்கிற தோட்டத்து மருந்துக்காரர் எல்லாருக்கும் விரலில் குத்தி ரத்தம் எடுப்பார். பிறகு ஒருநாள் காலைப் பெரட்டில், ஆட்களை வரிசையாக நிறுத்தி வேலை பிரிக்கும் நேரத்தில், காய்ச்சல் கிருமி உள்ளவர்களின் பேரை மட்டும் கூவுவார். பேர் வராதவர்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியதுதான். அவர்களுக்கு ஒரு நோயும் இல்லை என்று அர்த்தம்.

தோட்டத்தைத் துண்டு போட்டு விற்ற பிறகு ஈப்போவுக்கு வந்தாள். வந்த இடத்தில் இனிப்புநீர் என்கிற சர்க்கரை நோய் பிடித்துக்கொண்டது. அவளுடைய அக்கா இதே நோயில் சிறுநீரகம் கெட்டு, உடம்பெல்லாம் ஊதி, மூச்சு முட்டிச் செத்தவள். அந்தச் சாவு மட்டும் தனக்கு வரக்கூடாது என்று நல்லம்மாள் மாரியாத்தாளை வேண்டாத நாளில்லை.

1985-ஆம் வருஷம், இலங்கைத் தமிழரான டாக்டர் கதிரவேலு தலைமையில் ஓர் ஆராய்ச்சிக் கூட்டம் கோலாலம்பூரிலிருந்து கோயில் மண்டபத்துக்கு வந்து இறங்கியது. இனிப்புநீர்க்காரர்களின் சிறுநீரகம் கெடும் முன்னாலேயே, அதிலிருந்து ரத்தத்தில் கலக்கும் ஏதோ ஒரு ஹார்மோன் கூடிவிடுமாம். அதைப் பிடித்துவிட்டால் ஆபத்தை முன்கூட்டியே அறியலாமாம். "உங்கட நன்மைக்குத்தான் அம்மா" என்றார். நல்லம்மாள் உடனே கையை நீட்டினாள். ரத்தம் கொடுத்த இனிப்புநீர்க்காரர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு கிளாஸ் ரோஸ் சிரப் கொடுத்தார்கள். கர்மம், கர்மம்! அதையும் குடித்து வைத்தாள்.

மாதங்கள் போயின. பக்கத்து வீட்டு மங்களம்தான் கேட்டாள்: "ரத்தம் எடுத்தாங்களே, என்னா சொன்னாங்கக்கா?"

"பேரு கூப்பிடலல்ல? அப்புறம் என்னா? நமக்கு ஒன்னும் இல்லலா."

அத்தனை பெரிய டாக்டர்களே கூப்பிடவில்லை, சின்ன கிளினிக்குக்கு எதற்குப் போய்க் காத்துக் கிடப்பது என்று, மாதாமாதம் இனிப்புநீர் மருந்துக்குப் போய்வந்ததையும் நிறுத்தினாள். கருவாட்டுக் குழம்பு நிம்மதியாகக் கொதித்தது. அடுத்த வருஷம் அவர்கள் வந்தபோதும் ரத்தம் கொடுத்தாள். அப்போதும் யாரும் கூப்பிடவில்லை.

எண்பத்தேழில் கால் ஊதியது. செருப்புக்குள் பாதம் நுழையவில்லை. காலையில் எழுந்தால் கண்ணிமை கனத்தது. மூன்றாம் முறையாகக் கூட்டம் வந்தபோது நொண்டிக்கொண்டே மண்டபத்துக்குப் போனாள். தாதி ரத்தம் எடுத்து முடித்ததும் டாக்டரிடம் காலைக் காட்டினாள். அவர் கட்டைவிரலால் அழுத்தினார். விழுந்த குழி அப்படியே நின்றது. அந்த மனுஷர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! வெட்கங்கெட்ட சந்தோஷம்.

"ஓம் அம்மா, இதைத்தான் எதிர்பார்த்தம். முதல் ரத்தத்திலேயே உங்களுக்கு அந்த ஹார்மோன் நல்லாக் கூடியிருந்தது. எங்கட கணிப்புச் சரி!"

நல்லம்மாள் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "ரெண்டு வருஷத்துக்கு முன்னாலயே தெரியுமா ஐயா?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"சொன்னால் நீங்கள் உப்பைக் குறைப்பீங்கள், பிரஷர் மருந்தைத் தேடிப் போவீங்கள். பிறகு அந்த ஹார்மோனால என்ன தெரியுதெண்டு நாங்கள் எப்படிப் பார்க்கிறது?"

கொஞ்சம்கூடக் கூசாமல் சொன்னார். எச்சில் குழம்பு ஊற்றுகிறவனாவது திரும்பி நின்று ஊற்றுவான்.

நல்லம்மாளுக்கு அக்காவின் ஊதிய முகம் கண்ணுக்குள் வந்து நின்றது. மேசைமேல் தாங்கியில் செருகியிருந்த தன் ரத்தக் குப்பியை உருவினாள். வீங்கிய காலை இழுத்துக்கொண்டு மண்டப வாசலுக்குப் போனாள். மூடியைத் திருகிச் சாக்கடையில் கவிழ்த்தாள்.

"ஐயோ! ஐயோ, அம்மா, ஊத்தாதேங்கோ!" டாக்டர் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடி வந்தார்.

அவ்வளவு பதறிக்கொண்டு அவர் அவளிடம் ஓடி வந்தது அதுதான் முதல் தடவை.