சாண் உயரப் பெண்ணும் என் வேண்டுதலும்

பழைய இடங்களுக்குப் போனால் அங்கே இருப்பவர்களோடு மனதுக்குள் பேசுவது என் வழக்கம். பேசுவது என்று மரியாதைக்குச் சொல்கிறேன், பெரும்பாலும் சண்டைதான். தர்மபுரி அருங்காட்சியகத்தில் வரிசையாக நிற்கும் நடுகற்களில் ஒருவனிடம் ஒருமுறை கேட்டேன்: "மாடு மீட்கப் போய்ச் செத்தாயே, அது உன் மாடா?"

மார்பில் அம்புகளோடு நின்றவன், "ஊர் மாடு" என்றான்.

"நீ போன பிறகு ஊர் உன் வீட்டுக்குச் சோறு போட்டதா?"

"கல் நட்டார்களே."

அந்தக் கல்லின் மேல் உலை வைக்க முடியுமா என்று நான் கேட்பதற்குள், என் மகள் பாத்ரூம் போக வேண்டும் என்று துப்பட்டாவை இழுத்தாள். என் வரலாற்று உரையாடல்கள் எல்லாம் இப்படித்தான் முடியும்.

ஆனால் ஒரு கல்லோடு மட்டும் எனக்குப் பல வருடப் பேச்சு. அரூருக்கு அந்தப் பக்கம் என் கணவரின் ஊர். ஊர் எல்லையில் புளியமரத்தடியில் இருக்கிற நடுகல்லை வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். கல்லை நிறைத்துக்கொண்டு ஓர் ஆள், கையில் வில். அவன் கால் பக்கத்தில், தரையை ஒட்டி, ஒரு சாண் உயரத்துக்கு ஒரு பெண். ஒரு கையைத் தொங்கவிட்டு, ஒரு கையை மேலே தூக்கியிருக்கிறாள்.

கல்யாணமான புதிதில் அது யார் என்று மாமனாரிடம் கேட்டேன்.

"அது சும்மா ஒரு பொம்பளைம்மா" என்றார். "சாமி மேல இருக்குது பாரு, அவருதான்."

இப்படிப் பக்கத்தில் பெண் உருவம் இருந்தால், கணவனோடு தீயில் இறங்கியவளாக இருக்கலாம் என்று பிறகு படித்தேன். இருக்கலாம்! அவன் இடுப்புக் கத்தியின் பிடிவரை செதுக்கத் தெரிந்தவர்களுக்கு, இவள் யார் என்று சொல்ல ஒரு வரி கிடைக்கவில்லை. அந்தக் கோபம் அவர்கள் மேல். அவள் மேல் இருந்தது வேறு கோபம். மகள் பிறந்த பிறகு அந்தக் கல் பெண்ணிடம் கேட்கத் தொடங்கினேன்: "உனக்குக் குழந்தை இருந்ததா? தீயில் இறங்கும்போது அதை யார் கையில் கொடுத்தாய்?" வில்லோடு நிற்கிறவன் கேட்டதற்குப் பதில் சொல்வான், அவள் மட்டும் எனக்குக் கற்பனையில்கூடப் பதில் சொன்னதில்லை.

போன வருடம் மகளுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் பிளேட்லெட் குறைகிறது என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். முதல் நாளே கூட்டி வந்திருக்க வேண்டுமோ, ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்திருக்கக் கூடாதோ என்று என்னையே பிறாண்டிக்கொண்டிருந்தேன். மத்தியானம் டாக்டர் உதட்டைப் பிதுக்கியபோது வேண்டிக்கொண்டேன்: "வேடியப்பா, பிள்ளை எழுந்து நடந்தால் உன் மேடைக்கு டைல்ஸ் போடுகிறேன்." அவனைத்தான் கேட்டேன். அவளைக் கேட்கத் தோன்றவில்லை. குழந்தையை விட்டுப் போனவளிடம் குழந்தையைக் கேட்பது எப்படி?

மகள் எழுந்து நடந்தாள். தை மாதம் டைல்ஸ் வேலைக்கு நாள் குறித்தார்கள். நாங்கள் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது மேஸ்திரி மேடையைச் சுற்றி நூல் கட்டியிருந்தார். அந்த நூல் அவள் தூக்கிய கைக்கும் மேலாகப் போயிற்று.

"இது என்னங்க?" என்றேன்.

"மட்டமுங்க. மழை பேஞ்சா சாமி காலடியில தண்ணி நிக்குதுன்னாங்க. அதான் ஜல்லி கொட்டி ஏத்திட்டு, மேல டைல்ஸ்."

"அந்தப் பொம்பளை மூடிப் போயிடுவாங்களே."

"எந்தப் பொம்பளை?" என்றார் மேஸ்திரி. குனிந்து பார்த்தார். "அட, ஆமா."

மாமனார் மஞ்சள் தண்ணீர்ச் செம்போடு வந்தார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "சாமி தெரியுதில்ல? அப்புறம் என்னம்மா?" என்றார்.

"அவங்களும் கல்லுலதான இருக்காங்க மாமா."

"எங்க அப்பன் காலத்துல இருந்து அதுக்கு ஒரு பூ வெச்சதில்ல. உனக்கு மட்டும் என்ன ஒறவு?"

மாமியார் என்னை மரத்துக்குப் பின்னால் கூட்டிப் போனார். "வேண்டுதல பாதியில நிறுத்தக் கூடாது கண்ணு. பாப்பாவ நெனச்சுப் பாரு."

அதைத்தான் அவர் சொல்லியிருக்கக் கூடாது. என் கை தானாக மகளின் நெற்றியைத் தேடியது. மகள் அங்கே இல்லை. நூலைத் தாண்டிப் போய்க் குந்தி உட்கார்ந்து, அந்தப் பெண்ணின் தூக்கிய கையில் தன் உள்ளங்கையைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இந்த அக்கா ஹைஃபை கொடுக்குது."

எனக்கு வந்த கோபத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியவில்லை. உயிரோடு இருந்தபோது தீ, இப்போது ஜல்லி. இந்த முறை ஜல்லி கொட்ட வைத்தது நான். அதுவும் என் குழந்தைக்காக. வேண்டுதலை மீறினால் என் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடும் என்ற பயம் வந்தது. பி.எட். படித்தவள் இப்படிப் பயப்படலாமா என்ற வெட்கம் அதன் மேல்.

"மாமா, டைல்ஸ் போடறதாத்தான் வேண்டிக்கிட்டேன்" என்றேன். "அவங்க மேல போடறதா வேண்டிக்கல. அவங்க முன்னாடி மட்டும் எடம் விடச் சொல்லுங்க. விடலன்னா வேல நடக்க வேணாம்."

மாமனாரை எதிர்த்து நான் பேசிய முதல் பேச்சு அது. என் கணவர் புளியமரத்தின் உச்சியை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"குழியா நிக்குங்க" என்றார் மேஸ்திரி. "அசிங்கமா இருக்கும். அப்புறம் எங்கிட்ட சடைஞ்சுக்கக் கூடாது."

"சடைஞ்சுக்க மாட்டேன்."

மாமனார் செம்பைத் தரையில் வைத்தார். வைத்த சத்தத்திலேயே எல்லாம் இருந்தது. "படிச்ச மருமவ சொல்லுது. விடுப்பா குழி" என்று சொல்லிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனார். அன்று சாமிக்கு வைத்த பொங்கலை அவர் தொடவில்லை.

இப்போது மேடை பளபளவென்று இருக்கிறது. நடுவே, அவள் முன்னால் மட்டும், அடுப்பு வைக்க விட்ட இடம்போல ஒரு சதுரக் குழி. ஊரில் அதற்கு 'மருமவ குழி' என்று பெயர். "உங்க குழியில நேத்து தவளைங்க" என்று ஒரு பெரியம்மா கூப்பிட்டுச் சொன்னார். வேலை முடிந்த அடுத்த வாரமே மகளுக்குச் சளி பிடித்தது. நான்கு நாள் தெர்மாமீட்டரும் கையுமாக இருந்தேன். மாமியார் போனில் பெருமூச்சு விட்டார். சளி சளியாகவே வந்து போயிற்று. ஆனாலும் இன்றுவரை மகள் தும்மினால் எனக்கு அந்தக் குழிதான் ஞாபகம் வருகிறது.

போன மாதம் மழைக்குப் பிறகு போனோம். குழிக்குள் அந்தப் பெண் இடுப்பளவு தண்ணீரில் நின்றாள். செம்பால் மொண்டு வெளியே ஊற்றினேன், புடவை முந்தானையால் முகத்தைத் துடைத்தேன். மகள் ஒரு சாமந்தியை அவள் கையருகே செருகினாள்.

"நான் உன்னைக் காப்பாற்றிவிட்டதாக நினைக்காதே" என்று அவளிடம் சொன்னேன். "எனக்கு இன்னும் கோபம் போகவில்லை. குழந்தையை யார் வளர்த்தார்கள்? நீயாக இறங்கினாயா, பிடித்துத் தள்ளினார்களா? மூடிவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது? அதற்காகத்தான் குழி."

குழியில் தண்ணீர் மீண்டும் ஊறிக்கொண்டிருந்தது. மறுபடி செம்பை எடுத்தேன்.